ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில்

பூவம்
29.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சந்திரா எழுதுறேன். நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம். மாத்தலாகிப் போன ஏனாம் தண்ணி உனக்கு ஒத்துக்கிச்சான்னு தெரியல. போன தடவை பேசினப்ப இருமிக்கிட்டே இருந்தே. என் போன் தண்ணித் தொட்டியில விழுந்து கெட்டுப்போச்சு. அதான் கடுதாசி. எழுதி ரொம்ப வருசமாச்சு, கையே வளைய மாட்டேங்குது.

நேத்து கீர்த்திகாவுக்கு ரிசல்ட் வந்துச்சு. ஒன்பதாவது பாஸ். ஆனா கணக்கும் சயின்ஸும் விளிம்புல நிக்குது. ஏழாவது வரைக்கும் தமிழ்ல படிச்ச புள்ள, எட்டாவதுல திடீர்னு சிபிஎஸ்இன்னு மாத்தி எல்லாத்தையும் இங்கிலீஷ்ல ஆக்கிட்டாங்க. இப்ப வருசமும் மாறிப்போச்சு. ஏப்ரல் ஒண்ணாந்தேதியே பத்தாவது ஆரம்பிக்குதாம்.

இவங்க என்ன சொல்றாங்கன்னா, இங்க டிசி வாங்கிட்டு நண்டலாத்துப் பாலத்துக்கு அந்தாண்ட தமிழ்நாட்டுல இருக்கற காசியம்மா அண்ணி ஊர்ல சேத்துடலாம், அங்க தமிழ்நாட்டுப் பாடம், தமிழ்லயே எழுதலாம்னு சொல்றாங்க. தன் அக்கா வீடு பக்கத்துல இருக்கறதால புள்ளைக்கு ஒத்தாசைன்னும் சொல்றாங்க. அங்க ஜூன்லதான் திறக்கும். நீ டீச்சர். உன் யோசனையை எழுது. இவங்களுக்கும் காட்டுறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை
சந்திரா


ஏனாம்
6.4.2025

அன்புத் தங்கை சந்திராவுக்கு,

கல்யாணசுந்தரி எழுதுவது. இருமல் விட்டுவிட்டது. சாப்பாடுதான், எதைத் தொட்டாலும் கோங்குராக் கீரைப் புளிப்பு. மற்றபடி குறையில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கீர்த்திகா பட்ட பாடு எனக்குப் புரிகிறது. இங்கேயும் அதே கதைதான். நம் காரைக்காலில் தமிழ், மாஹேயில் மலையாளம், இங்கே தெலுங்கு. எல்லாம் ஒரே புதுச்சேரி அரசு என்பதால் மூன்றுக்கும் இப்போது ஒரே புத்தகம், ஒரே பரீட்சை. நான் ஆங்கிலத்தில் கணக்கைச் சொல்கிறேன். முன் பெஞ்சில் ஒரு கெட்டிக்காரப் பெண் அதைத் தெலுங்கில் பின் பெஞ்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இல்லாவிட்டால் நான் சுவரிடம்தான் பேசியிருப்பேன். இந்த மாதம் அவளும் டிசி வாங்கிக்கொண்டு ஆந்திரப் பக்கம் போய்விட்டாள்.

பள்ளி மாற்றுவது தப்பில்லை. தமிழில் எழுதினால் அவள் நன்றாகவே எழுதுவாள். ஆனால் அந்தப் பள்ளியில் இடம் உறுதியாகாமல் டிசியைக் கையில் வாங்காதே. இங்கே பெயரை அடித்துவிடுவார்கள். அங்கே ஜூனில்தான் எழுதுவார்கள். நடுவில் அவள் எந்தப் பள்ளிப் பிள்ளை? இப்போதைக்கு இங்கேயே பத்தாவதுக்குப் போகட்டும். மே மாத விடுமுறையில் நான் வந்து அந்தத் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசுகிறேன்.

கீர்த்திகாவை எனக்கு எழுதச் சொல்.

அக்கா
கல்யாணசுந்தரி


பூவம்
16.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சந்திரா எழுதுறேன். உன் கடுதாசி வந்துச்சு. நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சதுல சந்தோசம். வருசப் பொறப்பு அன்னைக்கு உன்னை நெனச்சுக்கிட்டே மாங்காப் பச்சடி பண்ணினேன்.

டிசி வாங்கியாச்சு அக்கா. உன் கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே இவங்க போய் வாங்கிட்டாங்க. கிளாஸ் டீச்சர் எவ்வளவோ சொன்னாங்களாம், பத்தாவது நேரத்துல ஏன் மாத்துறீங்கன்னு. அந்தாண்ட பள்ளிக்கூடத்துல ஜூன்ல வாங்க பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்கன்னு இவங்க சொல்றாங்க.

காசியம்மா அண்ணி வந்து நம்ம வீட்டுலயே தங்கியிருக்காங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க. அண்ணி மகன் சோமு, குவைத்ல இருக்கான்ல, அவன் மே மாசம் லீவுல வர்றானாம். அதுக்குத்தான் அண்ணி இப்படிப் பரபரன்னு இருக்காங்க.

கீர்த்திகா அண்ணிகூடச் சமையல் கத்துக்கிறா. காலையில பள்ளிக்கூட பஸ் சத்தம் கேட்டா மட்டும் வாசலுக்குப் போய் நின்னுட்டு வர்றா. அண்ணி கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நிறுத்துறேன்.

உடம்பைப் பாத்துக்க.

சந்திரா


ஏனாம்
23.4.2025

அன்புத் தங்கை சந்திராவுக்கு,

நான் நலம். வெயில் இப்போதே கொளுத்துகிறது. மதியத்துக்கு மேல் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். இந்த மாதத்தில் பள்ளி நடத்திப் பழக்கமில்லாத ஊர்கள்தானே எல்லாம்.

கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. டிசி வாங்கியாயிற்று. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகங்களைக் காரைக்காலில் வாங்கி உன் வீட்டில் கொடுக்கும்படி ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். கீர்த்திகா இப்போதே படிக்க ஆரம்பிக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். உன் போனை ஏன் இன்னும் சரிசெய்யவில்லை? உன் வீட்டுக்காரர் நம்பருக்குப் பேசினால், நீ கடைக்குப் போயிருக்கிறாய், கீர்த்திகா தூங்குகிறாள், இப்படியே சொல்கிறார். காலை பத்து மணிக்கு என்ன தூக்கம் அவளுக்கு? உடம்பு சரியில்லையா?

மே மாதத்தில் வரலாமென்று இருந்தேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு போட்டுவிட்டார்கள். மாதக் கடைசியில்தான் வர முடியும் போலிருக்கிறது.

உடனே பதில் எழுது.

அக்கா


ஏனாம்
8.5.2025

சந்திராவுக்கு,

நான் சுகம்தான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல்தான் தவிப்பு. உன்னிடமிருந்து பதிலே இல்லை.

முன் பெஞ்சுப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேனே, அவளை நேற்றுச் சந்தையில் பார்த்தேன். புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். மூடுவதற்குள் மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் நின்றவனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். "ஜூன்ல ஸ்கூல்ல சேர்த்துடுறேன்னு சொல்லியிருக்காங்க மேடம்" என்றாள். என்னிடம் நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள், அந்த ஆளுக்குப் புரியக்கூடாது என்பதற்காக.

பயிற்சி வகுப்புக்கு வந்து உடன் வேலை பார்க்கும் டீச்சரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "இங்கே பெயரை அடித்தாயிற்று, அங்கே இன்னும் எழுதவில்லை. நடுவில் யார் தேடுவார்கள்?" என்றார்.

ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். வெள்ளையடிப்பு, அண்ணி வந்து தங்கியது, சோமுவின் லீவு. அந்தப் பையனுக்கு முப்பது இருக்குமே.

சந்திரா, கீர்த்திகாவுக்கு என்ன ஏற்பாடு நடக்கிறது? ஒரே ஒரு வரி எழுது.

அக்கா


பூவம்
13.5.2025

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

சந்திரா எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் நலம். தாங்களும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறோம்.

தங்கள் கடிதங்கள் கிடைத்தன. கீர்த்திகாவை ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க எல்லா ஏற்பாடும் செய்தாகிவிட்டது. தாங்கள் வீணாகக் கவலைப்பட வேண்டாம். மாதக் கடைசியில் நாங்கள் குடும்பத்துடன் குலதெய்வம் கோயிலுக்குச் செல்கிறோம். வீடு பூட்டியிருக்கும். ஆகவே தாங்கள் வர வேண்டாம்.

தாங்கள் கல்யாணம், பிள்ளை குட்டி என்று இல்லாதவர். குடும்ப விஷயங்களில் தலையிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இனிக் கடிதம் எழுத அவசியமில்லை. தேவையென்றால் நாங்களே போனில் பேசுகிறோம்.

இப்படிக்கு
சந்திரா ராஜ்மோகன்


பூவம்
16.5.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கீர்த்திகா எழுதுறேன். நீங்க நல்லா இருக்கீங்களா? பஸ் ஸ்டாப் பக்கத்துல தையல் கடை வச்சிருக்கற ஆரிபா அக்கா கடையில உக்காந்து எழுதுறேன். ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தேன். அத்தை வெளியில நிக்கிறாங்க. அளவு எடுக்க நேரமாகும்னு ஆரிபா அக்கா சொல்லித் திரையை இழுத்து விட்டுட்டாங்க.

28-ஆம் தேதி எனக்கும் சோமு அத்தானுக்கும் கல்யாணம். அத்தை ஊர் ஐயனார் கோயில்ல. யாருக்கும் பத்திரிகை அடிக்கல. அத்தான் கெட்டவரெல்லாம் இல்ல பெரியம்மா. ஒரு நாள் என்கிட்ட வந்து, என்ன படிக்கிறேன்னு கேட்டாரு. பத்தாவதுன்னு சொல்ல வந்தேன். எந்தப் பத்தாவதுன்னு எனக்கே தெரியல.

நீங்க அனுப்பின புத்தகத்தை அப்பா பரண்ல போட்டுட்டாரு. அம்மா போன் கெட்டுப்போகல. அப்பாகிட்டதான் இருக்கு. அம்மாவைத் திட்டாதீங்க. உங்களுக்கு மூணு நாளைக்கு முன்னாடி எழுதினது அம்மாவா எழுதினது இல்ல. அப்பா சொல்லச் சொல்ல எழுதினாங்க.

பள்ளிக்கூடத்துல ரெண்டு நாள் சேர்ந்தாப்புல லீவு போட்டா டீச்சர் போன் பண்ணி ஏன் வரலன்னு கேப்பாங்க. எனக்கு அப்ப எரிச்சலா இருக்கும். இப்ப யாருமே கேக்கல. நான் வராததே யாருக்கும் தெரியாது.

எனக்கு எழுதணும்னா ஆரிபா அக்கா விலாசத்துக்கு எழுதுங்க. அத்தை கூப்பிடுறாங்க.

கீர்த்திகா


ஏனாம்
20.5.2025

சந்திராவுக்கு,

ஆரிபா மூலமாக இது உன் கையில் சேரும். நான் திடமாக இருக்கிறேன். நீயும் திடமாக இரு.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. போன கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் உன்னுடையது என்பதும் தெரியும்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்திருக்கிறேன். 1098-க்கு, குழந்தைகள் உதவி எண்ணுக்கு, போன் செய்துவிட்டேன். காரைக்காலிலும் சொன்னேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களிடமும் சொன்னேன். எங்கே பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான், "பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குது?" கல்யாணம் அந்தப் பக்கம், பெண் வீடு இந்தப் பக்கம், பெயர் எந்தப் பக்கமும் இல்லை. கடைசியில் காரைக்காலில் ஒரு அதிகாரி அம்மா மட்டும் பொறுமையாகக் கேட்டு விலாசத்தை எழுதிக்கொண்டார்.

அவர்கள் வருவார்கள். உன் வீட்டுக்காரர் பதினெட்டு என்று சொல்வார். காசியம்மா சத்தியம் செய்வாள். அப்போது உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீ தலையைக் குனிந்து நின்றால் எல்லாம் முடிந்தது. உள்ளது உள்ளபடி வயதைச் சொல். வேறு எதுவும் பேச வேண்டாம்.

பயிற்சிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காக்கிநாடா போய் ரயில் பிடிக்கிறேன்.

அக்கா


பூவம்
2.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமா ஏனாம் போய்ச் சேந்திருப்பே. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கீர்த்திகா சாப்பிடுறா, தூங்குறா.

நீ வாசல்ல நின்னதை நான் ஜன்னல்ல பாத்தேன். இவங்க உன்னைக் கேட்டுக்கு வெளியிலயே நிறுத்தி, கல்யாணமே ஆகாதவளுக்கு என் பொண்ணு கல்யாணத்தைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டதும் காதுல விழுந்துச்சு. நான் வெளியில வரல. மனசுல வச்சுக்காத. நீ தெருவுக்குப் போனப்புறம் உள்ள நடந்ததை நீ பாக்கலையில்ல, அதை எழுதுறேன்.

அந்த அதிகாரி அம்மா கூடத்துல வந்து உக்காந்தாங்க. ரெண்டு பொம்பளைப் போலீஸ். பாலத்துக்கு அந்தாண்டயிலேருந்தும் ஒரு அதிகாரி வந்திருந்தாரு. அண்ணி எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து குடுத்தாங்க. இவங்க சிரிச்ச முகமா, "பதினெட்டு முடிஞ்சிடுச்சு மேடம், படிப்பை நிறுத்திட்டா" அப்படின்னாங்க. ஆதார் அட்டை எங்கன்னா அண்ணி வீட்டுல. டிசி எங்கன்னா தொலைஞ்சுபோச்சு. அந்த அம்மா கீர்த்திகாவைக் கூப்பிட்டு, "நீ சொல்லும்மா"ன்னாங்க. புள்ள அவங்க அப்பா முகத்தைப் பாத்துக்கிட்டு அப்படியே நிக்குது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "பெத்தவங்க நீங்க, நீங்க சொல்லுங்க"ன்னாங்க.

அக்கா, நான் இவங்களைத் திரும்பிப் பாத்தேன். இவங்க என்னைப் பாக்கக்கூட இல்ல. நான் என்ன சொல்லுவேன்னு அவ்வளவு நிச்சயம். மோர் டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு வெளியில பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதைப் பாத்ததும்தான் எனக்கு வாய் வந்துச்சு.

"பதினாலு. ஆவணி வந்தா பதினஞ்சு"ன்னு சொன்னேன்.

இவங்க டம்ளரை மெதுவாக் கீழ வச்சாங்க. வந்தவங்க, கல்யாணம் நடத்த மாட்டோம்னு இவங்ககிட்ட எழுதி வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. சோமு மறுநாளே அவங்க ஊருக்குப் போயிட்டான். போறப்ப என்கிட்ட வந்து, "பதினெட்டுன்னுதான் அம்மா எங்கிட்ட சொன்னாங்க"ன்னான். அவங்க அம்மாவைப் பாக்காமலே சொன்னான்.

அன்னையிலேருந்து இவங்க என்னோட பேசறதில்ல. அடிக்கலை. திட்டலை. நான் போடுற சோத்தைச் சாப்பிடாம அண்ணி கையால வாங்கிச் சாப்பிடுறாங்க. நேத்து கொல்லையில உக்காந்து அண்ணிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க, எனக்குக் கேக்கணும்னே. "அதிகாரிங்க எத்தனை நாளைக்கு வந்து பாப்பாங்க? தையில அவன் திரும்ப லீவுல வருவான்."

இன்னைக்கு ரெண்டு பக்கமும் பள்ளிக்கூடம் திறந்துட்டாங்க. கீர்த்திகா பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு. பாலத்துக்கு அந்தாண்ட பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பான்னு கேட்டுச்சு. இவங்க வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் அது யூனிஃபார்மைக் கழட்டல.

சந்திரா


ஏனாம்
7.6.2025

சந்திராவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதல் பீரியட் போகவில்லை. ஜன்னலில் நீ நின்றதை நானும் பார்த்தேன். அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

தை வரை காத்திருப்பார்கள் என்று நம்பாதே. அந்த வீட்டில் இனி ஒரு வாரம்கூடக் கூடாது. காரைக்காலில் என் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டுச் சேக் அலாவுதீன் பாயிடம் இருக்கிறது. அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பழைய பள்ளியிலேயே கீர்த்திகாவைத் திரும்பச் சேர். கணக்கும் ஆங்கிலமும் அவளை ஒன்றும் செய்துவிடாது. பெயர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும், அதுதான் இப்போது முக்கியம். டிசி கைக்கு வராவிட்டால் அந்த அதிகாரி அம்மாவிடம் போ. அவர் பேசுவார்.

நீ வருவாயோ மாட்டாயோ எனக்குத் தெரியாது. வந்தால் நல்லது என்று மட்டும் சொல்கிறேன்.

அக்கா


காரைக்கால்
25.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீட்டுலேருந்து எழுதுறேன். நாங்க ரெண்டு பேரும் சுகம். பாய் வீட்டுலேருந்து முதல் நாள் சாப்பாடு வந்துச்சு. இப்ப நானே சமைக்கிறேன். உனக்கு அங்க மழை ஆரம்பிச்சிடுச்சா?

கிளம்பினதைப் பத்திப் பெரிசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அண்ணி திருநள்ளாறு போயிருந்தாங்க, இவங்க வயலுக்குப் போயிருந்தாங்க. ஆரிபா ஆட்டோ கூப்பிட்டு விட்டா. பரண்ல ஏறிப் புத்தகத்தை எடுக்கப் போன கீர்த்திகா டிசியையும் சேத்து எடுத்துட்டு வந்துச்சு. தொலையவே இல்ல அது.

பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாங்க. பேர் வரிசையில கடைசி அதுதான். ஏப்ரல் மாசம் நடத்தின பாடமெல்லாம் போச்சு. கூடப் படிச்ச புள்ளைங்க நோட்டு குடுத்து எழுதச் சொல்லியிருக்குதுங்க. ராத்திரி எழுதிக்கிட்டே அழுவுது, இங்கிலீஷ் புரியலன்னு. அந்த அழுகை எனக்குக் கஷ்டமா இல்ல அக்கா.

நாங்க வந்த மறுநாள்லேருந்து இவங்க பள்ளிக்கூட வாசலுக்கு வர ஆரம்பிச்சாங்க. எதிர்ல இருக்கற ஜெராக்ஸ் கடை நிழல்ல வண்டியை நிறுத்திட்டு நிப்பாங்க. கிட்ட வர மாட்டாங்க, பேச மாட்டாங்க. கீர்த்திகா உள்ள போற வரைக்கும் பாத்துட்டுப் போயிடுவாங்க. சாயங்காலம் விடுற நேரத்துக்கும் வருவாங்க. வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அந்த அதிகாரி அம்மாகிட்டயும் சொன்னேன். அப்பாதானே, தெருவுல நிக்கிறவரை என்ன சொல்றதுன்னு அவங்களும் யோசிக்கிறாங்க. இந்த வாரம் எனக்கே பழகிப்போச்சு. காலையில அந்த வண்டியைப் பாத்ததும் சரி, இருக்காங்கன்னு தோணும்.

இன்னைக்குக் காலையில வரல. கடை நிழல்ல யாரும் இல்ல. கீர்த்திகா கேட்டுக்குள்ள போயிட்டு, திரும்பி வந்து, "அப்பா எங்கம்மா?"ன்னு கேட்டுச்சு. தெரியலன்னு சொல்லி உள்ள அனுப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பத்த வைக்கவே மனசு வரல. ஆரிபாவுக்குப் பாய் போன்லேருந்து கூப்பிட்டேன். பூவம் வீடு பூட்டியிருக்காம். அண்ணியையும் காணோமாம். புள்ளையை எங்கயாவது கூட்டிட்டுப் போயிடத் திட்டமோன்னு பயமா இருக்கு.

பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருக்கு. நான் இப்பவே போய் வாசல்ல நிக்கப் போறேன்.

சந்திரா